கருணைக்குக் கூலியா?

"குழந்தைகளுக்கு உதவ வேண்டியதுதான், அதற்குச் சம்பளமும் வாங்குவதா?"

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள், தோழர்களே! கலைக்கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்த பெண்ணொருத்தி, "சமூகப்பணி படிக்கப் போகிறேன், வீடிழந்த குழந்தைகள், வேலைத்தலத்தில் வாடும் குழந்தைகள், வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகள் இவர்களுக்காக உழைப்பதையே தொழிலாகக் கொள்ளப் போகிறேன்" என்று வீட்டிலே சொல்லிப் பார்க்கட்டும். தந்தை திகைப்பார்: "தொழிலா? அது தொண்டு அல்லவா! ஞாயிற்றுக்கிழமையிலே போய்ச் செய்துவிட்டு வா. திங்கட்கிழமை ஒரு நல்ல வேலைக்குப் போ!" அண்டை வீட்டு அம்மையார் அங்கலாய்ப்பார்: "புண்ணியமான காரியம்தான், புண்ணியத்துக்கு விலை பேசலாமா?" ஊர்ப் பெரியவர் உறுமுவார்: "நாங்களெல்லாம் நாற்பது ஆண்டாகக் காலணாக் காசு வாங்காமல் தருமம் செய்கிறோம்!"

மூன்று குரல், மூன்றின் உட்பொருளும் ஒன்று. கருணைக்குக் கூலி கூடாது! கூலி வாங்கினால் கருணை கறைபட்டுவிடும்!

கேட்கும்போது செவிக்கு இனிக்கிறது. ஆனால், இனிப்பதெல்லாம் உடலுக்கு நல்லதல்லவே! இந்தச் சொல்லைப் பகுத்தறிவுத் துலாக்கோலில் இட்டு நிறுத்துப் பார்ப்போம். இதனுள்ளே இரண்டு எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அன்பு இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டியதில்லை என்பது. மற்றொன்று, ஊதியம் பெறாதவனே தூய்மையானவன் என்பது. இரண்டும் உண்மைதானா?

1874-ஆம் ஆண்டு நியூயார்க் நகரிலே நடந்தது இது. மேரி எலன் என்ற பத்து வயதுச் சிறுமியை வளர்த்தவள் நாள்தோறும் அடித்தாள், அறையிலே அடைத்தாள். அக்கம்பக்கத்தார் அழுகுரல் கேட்டனர். ஏழைகளின் குடியிருப்புகளுக்குச் சென்று உதவி வந்த எட்டா வீலர் என்ற அம்மையார் நேரில் கண்டு நெஞ்சு பதைத்தார். அன்பு இருந்தது, இரக்கம் இருந்தது, கண்ணீரும் இருந்தது. காவலரிடம் ஓடினார், சான்று கேட்டனர். அறநிலையங்களை நாடினார், வீட்டுக்குள் புகுந்து பிள்ளையை மீட்க எங்களுக்கு அதிகாரமில்லை என்றனர். கடைசியில் அவர் யாரிடம் சென்றார், தெரியுமா? விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கத்தின் தலைவர் ஹென்றி பெர்க்கிடம்! குதிரையை அடித்தால் தட்டிக் கேட்க 1866-லேயே அந்நகரில் ஒரு சங்கம் இருந்தது. குழந்தையை அடித்தால் கேட்க ஒன்றுமில்லை. பெர்க் முன்வந்தார், வழக்கறிஞர் வாதாடினார், சிறுமி மீண்டாள், கொடுமைக்காரி சிறை சென்றாள். அந்த ஆண்டின் முடிவிலேயே குழந்தைகளுக்கெனத் தனிச் சங்கம் ஒன்று அங்கே தோன்றியது.

அந்நகரிலே இரக்கமுள்ள நெஞ்சம் இல்லையா? ஏராளம் இருந்தன! சட்டமே அறவே இல்லையா? அப்படியும் சொல்வதற்கில்லை. இல்லாதது ஒன்றே ஒன்று: "இந்தக் குழந்தையைக் கேட்க வேண்டியது என் வேலை; கேட்கத் தவறினால் நான் பதில் சொல்ல வேண்டும்" என்று கூறக்கூடிய ஓர் ஆள். எல்லாருக்கும் பொதுவான கடமை எவருடைய கடமையும் ஆகாமல் போன கதை அது. அன்பு மட்டும் போதும் என்போர் அந்தப் பூட்டிய அறைக்கு வெளியே சற்று நின்று பார்க்கட்டும்!

சரி, ஆளை ஏற்படுத்துவோம். ஆனால், ஊதியம் எதற்கு என்பார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று, தோழர்களே! 1899-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலே சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் முதன்முதலாக நிறுவப்பட்டது. பிழை செய்த பிள்ளையைப் பெரிய குற்றவாளிகளோடு சிறையில் அடைக்காமல், அவன் வீட்டுக்கும் பள்ளிக்கும் சென்று அவனைச் செம்மைப்படுத்த நன்னடத்தை அலுவலர்களை நியமிக்கலாம் என்று சட்டம் சொன்னது. சொன்ன சட்டமே இன்னொன்றையும் சொல்லிற்று: அவர்களுக்குப் பொதுக் கருவூலத்திலிருந்து ஊதியம் கிடையாது! பிள்ளைகள் உண்டு, நீதிமன்றம் உண்டு, பணி உண்டு. பணியாளர்க்குச் சோறு மட்டும் இல்லை! ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் இல்லத்தைச் சேர்ந்த மகளிரும் அவர்தம் நண்பர்களும் நிதி திரட்டி அந்த ஊதியத்தைக் கொடுத்தனர். பின்னரே அரசு அந்தப் பொறுப்பை ஏற்றது. சட்டத்தை உயிரோடு வைத்திருந்தது, நிதி திரட்டிக் கொடுக்கப்பட்ட அந்தச் சம்பளம்தான்.

இனி இரண்டாவது எண்ணத்துக்கு வருவோம்: ஊதியம் பெறாதவனே தூய்மையானவன் என்பது.

கேட்கிறேன், கூலி வாங்காதவர் எவர்? நம் ஊர்களில் நாம் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். குழந்தைகள் இல்லத்திலே விருந்து. வரிசையாக அமர்கிறார்கள் அந்தப் பிஞ்சுகள். இலை விரிகிறது, இனிப்பு விழுகிறது, உடனே கை வைக்க முடியாது! முதலிலே கைகூப்ப வேண்டும்; வாழ்த்துப் பாட வேண்டும்; முன்பின் கண்டிராத அந்தப் பிள்ளை நூறாண்டு வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும்; ஒளிப்படத்துக்கு முகம் காட்ட வேண்டும்; சிரிக்கவும் வேண்டும். அதன் பிறகே சோறு! செல்வர் மனநிறைவோடு வீடு திரும்புகிறார். புண்ணியம் ஒரு பங்கு, புகழ் ஒரு பங்கு, படம் ஒரு பங்கு.

இவர் கூலி வாங்கவில்லையா? வாங்கினார்! எவரிடம் வாங்கினார்? ஏதுமற்ற அந்தக் குழந்தையிடமே வாங்கினார். நன்றி என்ற நாணயத்தில், பணிவு என்ற பொன்னில், பசித்த வாயால் பாடிய வாழ்த்தில் வாங்கினார். அவர் நெஞ்சில் ஈரமில்லை என்று நான் கூறவில்லை. ஈரம் உண்டு. ஆனால், அந்த ஈரம் பாய்வதற்கு ஓர் ஏழைக் குழந்தை எப்போதும் ஏழையாகவே வரிசையில் அமர்ந்திருக்க வேண்டுமே, அதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்!

ஊதியம் பெறும் பணியாளர் அந்தக் குழந்தையிடம் எதையும் கேட்பதில்லை; கேட்கக் கூடாது. அவருக்குரியதைச் சமுதாயம் மாத முடிவிலே கொடுத்துவிடுகிறது. ஆகவே குழந்தை கைகூப்ப வேண்டியதில்லை, சிரிக்க வேண்டியதில்லை, நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டியதும் இல்லை. முரண்டு பிடிக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், நன்றி சொல்லாமலே வளர்ந்து போகலாம். ஊதியம் கருணையைக் கறைப்படுத்துகிறது என்கிறார்களே, அந்த ஊதியம்தான் குழந்தையை நன்றிக்கடன் என்னும் கொத்தடிமையிலிருந்து விடுவிக்கிறது!

இந்த உண்மையைத் தமிழ்நாடு தன் சொந்த வரலாற்றிலே கண்டறிந்திருக்கிறது. 1920-ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியிலே பகலுணவு அளிக்கத் தொடங்கிற்று. அதே 1920-இல்தான் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் பிறந்தது. இந்தியாவிலேயே அத்தகைய முதற்சட்டம் அது. 1956-இல் காமராசர் ஆட்சி பகலுணவை மாநிலமெங்கும் பரப்பிற்று, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. இன்று தட்டேந்தி நிற்கும் பிள்ளை எந்தச் செல்வரையும் வாழ்த்திப் பாட வேண்டியதில்லை. சமையலுக்கு ஆள் உண்டு. அவருக்கு ஊதியம் உண்டு. அரிசிக்குக் கணக்கு உண்டு. அளவு குறைந்தால் கேட்க வழி உண்டு. ஈகை உரிமையாக மாறிய கதை இது. வயிற்றுக்கு இந்த மாற்றம் வந்துவிட்டது. அச்சத்துக்கும் தனிமைக்கும் அடிபட்ட உள்ளத்துக்கும் வர வேண்டாமா?

நான் பள்ளி ஆசிரியன். வகுப்பறையிலே நாற்பது முகங்கள். திங்களன்று ஒரு முகம் குறைகிறது, செவ்வாயும் குறைகிறது. பதிவேட்டிலே குறி இடுகிறேன். மாலையிலே வீட்டுக்குப் போகிறேன், பெற்றோரிடம் பேசுகிறேன். செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்பார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். அந்த ஊருக்குப் போனதன் பொருள் திருமணமா என்று உள்ளம் துணுக்குறும். அதற்கு மேல்? மறுநாள் மணி அடிக்கும். மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆசிரியரால் ஐயப்பட முடியும், அறிவிக்க முடியும், 1098 என்ற எண்ணை அழைக்க முடியும். 1996-இல் மும்பையிலே தொடங்கிய அந்தத் தொலைபேசிச் சேவை இன்று நாடெங்கும் இருக்கிறது. ஆனால், அழைப்பு ஒலித்த பிறகு எழுந்து செல்ல ஒருவர் வேண்டும். அவரும் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டராகவே இருந்தால், திங்களன்று மணம் முடிக்கப்படும் சிறுமியின் கதி என்ன?

எழுந்து செல்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். மீட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அக்குழந்தையின் குடும்பம், பள்ளி, உடல்நலம், ஊர் நிலைமை இவற்றை ஆராய்ந்து 15 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை என்றால், வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். பதியும் அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவிலே காவல் நிலையத்தில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது. இவை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இட்ட வேலிகள். இவற்றை அறியாமல், "என் கண்ணே, என்ன நடந்தது? இன்னொரு முறை சொல்!" என்று பத்துப் பேர் பத்து முறை கேட்டால், அன்பே அந்தப் புண்ணைக் கிளறும் கோலாகிவிடும்!

இன்னொன்றையும் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். நம் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளுள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்; அவர்களைப் பிரித்தது சாவு அன்று, வறுமை! அவ்வீட்டுக்குச் சிறிது நிதி உதவி, தாய்க்கொரு வேலை, குடிகாரத் தந்தைக்கு மருத்துவம் கிடைத்தால் பிள்ளை வீட்டிலேயே வளரும். இரக்கம் மட்டும் உடையவர் இல்லம் கட்டுவார். கட்டடத்தில் பெயரும் பொறிப்பார். பயிற்சி பெற்றவரோ, இல்லம் வேண்டாத நிலையை உண்டாக்க முயல்வார். அந்த வெற்றிக்குக் கல்வெட்டு இல்லை. திறப்பு விழா இல்லை. ஒரு பிள்ளை தன் தாயின் பக்கத்திலே படுத்துத் தூங்குகிறது, அவ்வளவுதான்!

1915-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்ற கல்வியறிஞர், "சமூகப்பணி ஒரு தொழிற்றுறையா?" என்று அத்துறையாரின் மாநாட்டிலேயே கேட்டார், இன்னும் ஆகவில்லை என்று விடையும் கூறினார். துறையினர் சினந்து சீறிக்கொண்டிருக்கவில்லை, உழைத்தனர். இரண்டே ஆண்டுகளில், 1917-இல், மேரி ரிச்மண்ட் அம்மையார் ஒரு குடும்பத்தின் நிலையை எவ்வாறு ஆராய்ந்தறிவது என்று விரிவான நூல் எழுதினார். 1936-இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் துணையோடு சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னையிலும் ஒன்று எழுந்தது. மருத்துவம் படிக்காமல் அன்பின் மிகுதியால் அறுவை செய்ய வருவோரை நாம் அனுமதிப்பதில்லை. குழந்தையின் உள்ளத்தை மட்டும் எவர் வேண்டுமானாலும் கீறிப் பார்க்கலாமோ?

இங்கே ஒரு தடை எழும், நேர்மையான தடை. "சம்பளக்காரர்கள் மரத்துப் போகிறார்களே! குழந்தை அவர்களுக்குக் கோப்பு எண்ணாகிவிடுகிறதே! ஐந்து மணி ஆனதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்களே!" என்பது. உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால், சம்பளத்தை நிறுத்திவிட்டால் மரத்த நெஞ்சம் மலர்ந்துவிடுமா? மரத்துப் போவதற்கு மருந்து வேறு. எவரும் சுமக்கக்கூடிய அளவு பணி, இடைவிடாத பயிற்சி, மேற்பார்வை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையே கேள்வி கேட்கும் உரிமை. இவைதாம் மருந்து.

வார்சா நகரிலே ஜானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் 1912 முதல் ஆதரவற்ற யூதக் குழந்தைகளின் இல்லத்தை நடத்தினார். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த மன்றம் ஒன்று இருந்தது. பிள்ளை பிழை செய்தால் பிள்ளையை விசாரிக்கும். பெரியவர் பிழை செய்தால் பெரியவரையும் விசாரிக்கும். கோர்ச்சாக்கும் அம்மன்றத்தின் முன் நின்றார்! 1942 ஆகஸ்டிலே நாஜிகள் அக்குழந்தைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஓட்டிச் சென்றபோது, அவரும் உடன் பணியாற்றிய ஸ்தெபானியா வில்சின்ஸ்கா அம்மையாரும் பிள்ளைகளை விட்டகலாமல் உடன் சென்று மாண்டனர். உலகம் அந்தச் சாவைப் போற்றுகிறது, போற்றட்டும். நான் போற்றுவது, அதற்கு முன் கழிந்த முப்பது ஆண்டுகளை! பிள்ளைகளை எடைபோட்டுக் குறித்து வைத்ததை. அவர்கள் சண்டையைப் பொறுமையோடு கேட்டதை. குழந்தைகள் முன் பதில் சொல்ல வெட்கப்படாததை. தியாகி ஆவது ஒரு நாள் வேலை. பொறுப்போடு இருப்பது ஒவ்வொரு நாள் வேலை.

"தொண்டு" என்ற சொல்லின் பேரால் நடக்கும் சுரண்டலையும் மறைக்காமல் பேசுவோம். 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது, அங்கன்வாடிகள் பரவின. அங்கே உழைப்பவர் யாவரும் பெண்கள். எடை பார்ப்பது அவர்கள். சோறு ஆக்குவது அவர்கள். பாட்டுச் சொல்லிக் கொடுப்பது அவர்கள். வீடு வீடாகக் கணக்கெடுப்பது அவர்கள். ஆனால், அவர்கள் பெறுவதற்கு ஒன்றிய அரசின் ஏட்டிலே பெயர் ஊதியம் அன்று, "மதிப்பூதியம்"! மதிப்பு பெயரிலே, பற்றாக்குறை பையிலே! பணிக்கொடை பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022-ஆம் ஆண்டு ஆயிற்று. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம் என்ற நிலையிலேதான் பலர் பணிபுரிகின்றனர். அடுத்த ஆண்டு தனக்கே வேலை உண்டோ இல்லையோ என்று அஞ்சும் ஒருவர், "அஞ்சாதே, நான் இருக்கிறேன்" என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வார்? தாய் என்று புகழ்ந்து, தெய்வம் என்று வாழ்த்தி, சம்பளம் கேட்டால் "சேவைக்கு விலையா?" என்று வாயடைப்பது பண்பாடு அன்று; பசப்பு!

ஊதியமில்லாத் தொண்டு என்றால் அதைச் செய்ய எவரால் முடியும்? நிலமுடையவர், நிதியுடையவர், நேரமுடையவர், இவர்களால்தான் முடியும். கூலித் தொழிலாளியின் மகள், குடிசையிலே விளக்கொளியில் படித்துப் பட்டம் பெற்றவள், சம்பளமில்லாமல் தொண்டு செய்ய முடியுமா? வீட்டிலே உலை கொதிக்க வேண்டுமே! ஆக, கருணைக்குக் கூலி கூடாது என்ற அந்த இனிய சொல்லின் இறுதி விளைவு என்ன? ஏழைக் குழந்தையின் வாழ்வைப் பற்றி முடிவு செய்யும் இடத்திலே ஏழை வீட்டுப் பிள்ளை ஒருநாளும் அமர முடியாது! சேரியின் துயரைச் சேரியில் பிறந்தவர் அறிந்ததுபோல் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவர் அறிவாரா? பசியின் மொழியைப் படித்தறிந்தவரை விடப் பட்டறிந்தவர் விரைவில் புரிந்துகொள்வார். அவர் அந்த நாற்காலியில் அமர வேண்டுமானால், நாற்காலிக்கு ஊதியம் இருக்க வேண்டும்.

அன்பு வேண்டாம் என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள்! அன்புக்கு எவரும் சம்பளம் தர முடியாது, வாங்கவும் முடியாது. சம்பளம் அன்புக்கு அன்று. நேரத்துக்கு, பயிற்சிக்கு, பதில் சொல்லும் பொறுப்புக்கு. அன்பு அந்தப் பொறுப்பினுள்ளே வந்து குடியேறினால் சிறப்பு. என்றேனும் ஒருநாள் களைப்பினால் அன்பு வற்றிப் போனாலும், அன்றைக்கும் அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியது சேர்ந்தாக வேண்டும். ஒருவரின் மனநிலையை நம்பி ஒரு குழந்தையின் வாழ்வு தொங்கக் கூடாது!

எனவே இளைஞர்களே, தோழியரே! இந்தத் துறைக்கு வர எண்ணுவோர் கூச்சமின்றி வாருங்கள். துறவியாக வர வேண்டியதில்லை, திறமையோடு வாருங்கள். படியுங்கள், களப்பயிற்சியிலே தெருத் தெருவாக நடந்து பழகுங்கள், சட்டத்தை அறியுங்கள், சாதியும் வறுமையும் ஒரு குழந்தையின் கழுத்தை எவ்வாறு நெரிக்கின்றன என்று ஆராயுங்கள். "எல்லாம் தலையெழுத்து" என்று ஊர் சொல்லும்போது, அந்த எழுத்தை எழுதிய கைகள் எவை என்று கேளுங்கள். ஊதியம் கேளுங்கள், தலைநிமிர்ந்து கேளுங்கள், பெற்ற ஊதியத்துக்குக் குழந்தையின் முன் கணக்கும் கொடுங்கள்.

வேறு துறைக்குச் செல்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. உங்கள் மாவட்டத்திலே குழந்தைகளுக்கான பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, நிலையானவை எத்தனை என்று கேளுங்கள். பிறந்தநாளிலே ஒருவேளை விருந்து அளிப்பதைவிட, ஆண்டு முழுவதும் இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்பது பெரிய அறம்.

கருணைக்குக் கூலியா என்று இனி எவரேனும் கேட்டால் சொல்லுங்கள்: "ஆம் ஐயா! கூலியைச் சமுதாயம் கொடுக்கட்டும், குழந்தையிடம் வாங்காதீர்கள்!"